கிண்டில் வாங்குவதா, திறந்த கருவி வாங்குவதா? தமிழ் வாசகருக்கு ஓர் ஒப்பீடு

மின்னூல் படிக்கத் தனியாக ஒரு கருவி வாங்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது திரையைப் பற்றிய ஒப்பீடுகளைத்தான். எத்தனை அங்குலம், தண்ணீர் பட்டால் தாங்குமா, ஒரு சார்ஜுக்கு எத்தனை வாரம் ஓடும் என்றெல்லாம் பட்டியல் இருக்கும். இந்த விஷயங்களில் நல்ல கருவிகளுக்குள் இன்று பெரிய வித்தியாசம் கிடையாது. அமேசானின் கிண்டிலோ, வேறு நிறுவனங்களின் கோபோவோ, பாக்கெட்புக்கோ, உள்ளே இருப்பது பெரும்பாலும் தைவானின் இ இங்க் நிறுவனம் செய்யும் திரைதான். எழுத்து தாளில் அச்சடித்தது போலவே இருக்கும், கண் வலிக்காது.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து எடுக்கும் புத்தகம் எந்த வடிவக் கோப்பாக வருகிறது, யாருடைய சர்வரில் இருக்கிறது, கடை மாறினால் அது உங்களோடு வருமா வராதா என்பதில். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கிய அன்று தெரியவும் தெரியாது.

கிண்டில் போல ஒரே கடையோடு கட்டிய மூடிய கருவி, பொது வடிவக் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் திறந்த கருவி என்று இரண்டு வகையிலும் நான் தமிழ் படித்து வருகிறேன். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும் புத்தகங்களுக்கு, தமிழில் இப்போதைக்குக் கிண்டிலை விட வசதியானது எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்தும் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் புத்தகங்களைப் பூட்டுப் போட்ட, அதாவது விரும்பிய கருவியில் திறக்க விடாத வடிவில் வாங்காதீர்கள். அவற்றுக்கு அச்சுப் பிரதியோ பூட்டில்லாத கோப்போதான் சரி. கீழே வருவதெல்லாம் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்ற கணக்கு.

மூடிய அமைப்பு எப்படி வேலை செய்கிறது

அமேசான் 2007 நவம்பரில் அமெரிக்காவில் முதல் கிண்டிலை 399 டாலருக்கு விற்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே மொபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை வாங்கி, அதன் மின்னூல் வடிவத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டிருந்தது. மற்ற நிறுவனங்கள் ஈபப் என்ற பொது வடிவத்தின் பக்கம் போனபோது, அமேசான் மட்டும் தன் சொந்த வடிவத்தோடு நின்றது. கருவி, கடை, கோப்பு வடிவம், கணக்கு நான்கும் ஒரே கையில். அதன் மேல் டிஆர்எம் என்ற பூட்டு. கிண்டில் கடையில் வாங்கிய பூட்டுள்ள புத்தகத்தைக் கிண்டில் கருவியிலோ கிண்டில் செயலியிலோதான் திறக்க முடியும்.

இதனால் அமேசானுக்கு என்ன லாபம் என்பதை அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸே 2012இல் ஒரு பேட்டியில் சொன்னார். கருவியை அடக்க விலைக்கே விற்கிறோம், அதில் லாபம் பார்ப்பதில்லை என்றார். வருமானம் அதற்குப் பிறகு வாங்கும் புத்தகங்களில் இருந்து வர வேண்டும். அதாவது நீங்கள் வேறு கடைக்குப் போகாமல் இருப்பது அந்த விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இதே கணக்கால்தான் நல்ல கருவி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் குறைந்த விலையின் மிச்சத்தை எங்கே கட்டுகிறோம் என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூடியிருப்பதால் கிடைக்கும் நன்மை

மூடிய அமைப்புகளைக் குறை சொல்லும் கட்டுரைகள் பலவும் இந்தப் பகுதியை ஒரு வரியில் முடித்துவிடும். அது நியாயமில்லை. வீட்டில் வயதானவர்கள் யாராவது படிக்கிறார்களா? அவர்களிடம் ஒரு கிண்டிலைக் கொடுத்துப் பாருங்கள். என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தின் எழுத்து சிறியதாகிவிட்டது. கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மீண்டும் தொடர்ச்சியாக நாவல் படிக்க ஆரம்பித்தார். கோப்பு, வடிவம், எழுத்துரு என்று எதையும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அட்டைப்படத்தைத் தொட்டால் புத்தகம் திறக்கிறது. போனில் கொஞ்சம் படித்துவிட்டுக் கருவியை எடுத்தால் விட்ட பக்கத்திலேயே நிற்கிறது. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால்தான் இது இவ்வளவு சீராக நடக்கிறது. திறந்த கருவிகளில் இதே வசதியை அமைக்கலாம், ஆனால் அமைத்துக்கொடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு நன்மையும் உண்டு. 2016 டிசம்பரில் அமேசான் இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழையும் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காலத்தில் மின்வாசிப்புக் கருவியில் தமிழ் படிப்பதே ஒரு போராட்டம். எழுத்து உடைந்து வரும், கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து வேறோர் இடத்திலும் நிற்கும். கடையில் தமிழ் விற்கிறோம் என்று ஒரு பெரிய நிறுவனம் இறங்கியதும், எழுத்து சரியாகத் தெரிவதும் அதன் பொறுப்பாகிவிட்டது. கிழக்கு, காலச்சுவடு போன்ற பதிப்பகங்கள் தங்கள் நூல்களை அங்கே ஏற்றின. டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு நாவலைத் தபாலில் வரவழைத்தால், பல நேரம் புத்தகத்தின் விலையை விடத் தபால் செலவு அதிகம். அவருக்கு அதே நாவல் ஒரு நிமிடத்தில் கையில். புலம்பெயர்ந்த தமிழர்களின் வாசிப்புக்குக் கிண்டில் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல முடியாது.

கிண்டில் அன்லிமிடெட் சந்தா இன்னொன்று. மாதக் கட்டணம் கட்டி, அந்தத் திட்டத்தில் இருக்கும் நூல்களை எடுத்துப் படிக்கலாம். மாதம் 169 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,028 ரூபாய். குடும்ப நாவல், துப்பறியும் கதை, சரித்திரத் தொடர் என்று மாதம் நான்கைந்து படிக்கிறவருக்கு இதை விட மலிவான வழி வாடகை நூல் நிலையங்கள் மூடிய பிறகு வேறு இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிண்டில் வெளியிலிருந்து வரும் கோப்பைத் தடுப்பதில்லை. 'செண்ட் டு கிண்டில்' என்ற சேவை மூலம் உங்களிடம் இருக்கும் ஈபப், வேர்டு, பிடிஎஃப் கோப்புகளை அனுப்பலாம். 2022இலிருந்து ஈபப்பையும் ஏற்கிறது, உள்ளே போகும்போது தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே கிண்டில் வாங்கினால் அமேசானில் மட்டும்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. உள்ளே கொண்டுவரத் தடையில்லை. அமேசானில் வாங்கியதை வெளியே கொண்டுபோவதில்தான் சிக்கல் எல்லாம்.

வெளியே போகும்போது

அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரிய, நடந்த நான்கு சம்பவங்களைப் பார்க்கலாம்.

2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்கள் அமெரிக்க வாசகர்களின் கிண்டிலில் இருந்து திடீரென்று காணாமல் போயின. விற்றவருக்கு அங்கே அந்த நூல்களின் உரிமை இல்லை என்பது தெரியவந்ததும், அமேசான் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எழுதி வைத்த குறிப்புகள் எதற்கு எழுதியவை என்றே தெரியாமல் தொங்கின. அவர் வழக்குப் போட, சமரசம் ஆனது. பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு புத்தகக் கடைக்காரர் விற்ற புத்தகத்தை எடுத்துப்போக நம் வீட்டுக்குள் வர முடியாது. இங்கே முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது மைக்ரோசாஃப்ட். 2017இல் மின்னூல் விற்கத் தொடங்கிய அந்நிறுவனம் 2019 ஏப்ரலில் கடையை மூடியது. ஜூலையில் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் வேலை செய்வதை நிறுத்தின. பணம் முழுவதும் திரும்பி வந்தது, ஓரக்குறிப்பு எழுதியவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். நிறுவனம் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது. இருந்தும் படித்துக் கோடிட்ட புத்தகம் போனது போனதுதான்.

மூன்றாவதை மைக்ரோசாஃப்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோனியும் ஒரு காலத்தில் மின்வாசிப்புக் கருவி விற்றது. 2014 மார்ச்சில் அமெரிக்கா, கனடாவில் தன் மின்னூல் கடையை மூடியது. ஆனால் சோனி ஈபப் வடிவத்துக்கு மாறியிருந்தது. அதனால் வாடிக்கையாளர்களின் நூலகத்தில் பெரும்பகுதியைக் கோபோவுக்கு மாற்றிவிட முடிந்தது. இங்கேயும் கடை மூடியது, ஆனால் புத்தகங்கள் வாசகரிடமே இருந்தன. இரண்டு நிறுவனங்களும் கைகழுவித்தான் போயின. ஒன்றின் வாசகர்கள் பணத்தோடும், இன்னொன்றின் வாசகர்கள் பெரும்பாலான புத்தகங்களோடும் வெளியே வந்தார்கள். பல நிறுவனங்களின் கருவிகளில் திறக்கும் கோப்பின் பயனை இதை விடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

நான்காவது சீனா. அமேசான் அளவுக்குப் பெரிய நிறுவனம் எங்கே மூடப்போகிறது என்று கேட்பவர்களுக்காக. 2023 ஜூன் 30உடன் சீனாவில் கிண்டில் மின்னூல் கடை மூடப்பட்டது. வாங்கிய புத்தகங்களை இறக்கிக்கொள்ள மேலும் ஒரு வருடம் கொடுத்தார்கள், 2024 ஜூனில் அதுவும் முடிந்தது. நிறுவனம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து மட்டும் விலகியது. ஒரு மொழிக்கான கடை லாபம் தரவில்லை என்றால் அதையும் மூடலாம். தமிழ் அமேசானின் கணக்கில் எவ்வளவு சிறியது என்பதை நினைத்தால் இந்தச் சம்பவம் நமக்கு அந்நியமானது இல்லை.

இதற்கெல்லாம் மேல், 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் ஒரு வசதியை எடுத்துவிட்டது. அதுவரை வாங்கிய புத்தகத்தின் கோப்பை இணையதளத்திலிருந்து கணினியில் இறக்கி, யூஎஸ்பி கேபிள் மூலம் கருவிக்கு ஏற்றலாம். பூட்டோடுதான் வரும், ஆனாலும் ஒரு பிரதி உங்கள் வன்தட்டில் இருக்கும். அது நின்றது. வாரக்கணக்கில் இணையம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு காப்பு எடுத்து வைப்பவர்களுக்கும் அது கடைசி வழியாக இருந்தது. இவ்வளவு காலம் கேட்காமலே கிடைத்துவந்த ஒன்றை எடுக்கும்போதும் நம்மைக் கேட்கவில்லை. மூடிய அமைப்பில் விதிகள் நாம் வாங்கிய நாளோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் எனக்கு இதில் உறுத்துவது.

சட்டங்களும் மெல்லத்தான் விழிக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிஜிட்டல் பொருளை விற்பவர் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தியாவில் வாங்குபவருக்கு அந்த அறிவிப்பு கட்டாயமில்லை. நிபந்தனைகளைத் திறந்து படித்தால் இங்கும் அதேதான்: விற்பதில்லை, உரிமம் மட்டும். அந்த உரிமத்தை விற்கவோ பெயர் மாற்றவோ முடியாது. அப்பாவின் அலமாரியைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வதைப் போல ஒரு கிண்டில் கணக்கைப் பிரித்துக்கொள்ள வழியில்லை.

பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கோடு இத்தகைய பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது, சில விலக்குகளோடு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை அமேசான் வடிவத்தை மாற்றும்போதும் பழைய வழி அடைபடுகிறது. பின்னால் உடைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பெரிய நூலகம் சேர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுத்தாளர் பக்கம் எழும் சுவர்

வாசகரின் முடிவை இறுதியில் தீர்மானிப்பது கருவி இல்லை, எந்தப் புத்தகம் எங்கே கிடைக்கிறது என்பது. தமிழில் இந்த விஷயம் ஆங்கிலத்தை விடக் கடுமையாக இருக்கிறது. அதற்குக் காரணம் கேடிபி எனப்படும் அமேசானின் சுயபதிப்புத் தளத்தின் ஒரு விதி.

ஓர் எழுத்தாளர் தன் மின்னூலைக் கேடிபியில் ஏற்றும்போது 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, தன் சொந்த இணையதளத்தில் இலவசமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. பதிலுக்கு நூல் கிண்டில் அன்லிமிடெட்டில் இடம்பெறும், வாசகர் புரட்டும் பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும்.

இதோடு இன்னொன்று. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி பெற செலக்ட்டில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு உண்டு. சேராவிட்டால் 35 சதவீதம்தான். தமிழ் மின்னூல் வாசகர்களில் பெரும்பகுதி இந்தியாவில் இருக்கும்போது, தமிழில் எழுதுபவர் என்ன செய்வார்? தன் வருமானத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு நான்கு கடைகளில் வைப்பாரா? அந்த மற்ற கடைகளில் விற்பனையும் அதிகம் இல்லை. செலக்ட்டில்தான் சேருவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'பென் டு பப்ளிஷ்' என்று அமேசான் தமிழுக்கும் நடத்திய போட்டி நூற்றுக்கணக்கானவர்களை முதல் முறையாக நூலாசிரியர் ஆக்கியது, பதிப்பகத்தின் படியேற வாய்ப்பில்லாத பலர், முக்கியமாகப் பெண்கள், அங்கே வாசகர்களைக் கண்டார்கள். அது உண்மையான நன்மை.

ஆனால் வாசகர் பக்கம் வந்து பாருங்கள். கோபோ வைத்திருக்கும் ஒரு தமிழ் வாசகருக்கு இந்தப் புதிய எழுத்தின் பெரும்பகுதி கிடைக்கவே கிடைக்காது. காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் கிடைக்காது. ஒரு மொழியின் ஜனரஞ்சக எழுத்தில் ஒரு தலைமுறை ஒரே கடையின் ஒரே வடிவத்தில் மட்டும் இருக்கிறது. பல நூல்களுக்கு அச்சுப் பதிப்பும் இல்லை. வார இதழ்கள் அள்ளி அள்ளிக் கதை வெளியிட்ட காலத்தில்கூட, பழைய இதழ்களைப் பிரித்து பைண்டு செய்து வைத்திருந்த யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிரதி தப்பியது. இன்றைக்கு அப்படித் தப்ப வழி இல்லை. வாசகர் என்ற முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். என் கையில் இருக்கும் கருவியை நான் மாற்றிக்கொள்ளலாம், இதை என்னால் மாற்ற முடியாது.

திறந்த கருவிகள் நிஜத்தில் எப்படி

இப்போது மறுபக்கம். கனடாவில் பிறந்து ஜப்பானின் ராகுட்டென் கைக்குப் போன கோபோ, பாக்கெட்புக் ஆகியவை ஈபப் கோப்பை நேரடியாகத் திறக்கும். கேபிள் போட்டு இழுத்துப் போட்டால் போதும். கோபோ 2024இல் வெளியிட்ட கருவிகளுக்கு பழுதுபார்க்க உதவும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் வழிகாட்டிகளும் கொடுக்கிறது. பேட்டரி போனால் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இவை கிண்டில் அளவுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கினால் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். அதை விட முக்கியம் தமிழ் எழுத்து. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பதில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்யாத மென்பொருள் இன்னும் இருக்கிறது. தமிழ் நூல் விற்காத நிறுவனத்துக்கு இதைச் சரிசெய்ய அவசரமும் இல்லை. வாங்குமுன் ஒரு தமிழ் ஈபப்பை ஏற்றிப் பாருங்கள். கொடி, தேநீர், மௌனம், கை, ஸ்ரீ ஆகிய சொற்கள் ஒழுங்காக வந்தால் மற்றதும் வரும். வராவிட்டால் கேஓரீடர் என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், அது தமிழைச் சரியாகக் கோக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ளும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு.

ஈபப் என்றாலே பூட்டு இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கோபோ கடையிலும் கூகுள் பிளே புக்ஸிலும் பதிப்பகம் விரும்பினால் அடோபி நிறுவனத்தின் பூட்டு உண்டு. வித்தியாசம், அந்தப் பூட்டைப் பல நிறுவனங்களின் கருவிகள் திறக்கும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். முழு விடுதலை கிடையாது, ஆனால் சோனி வாசகர்களைக் காப்பாற்றிய அளவுக்கு அது போதும்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஓடும் இ-இங்க் கருவிகள். சீனாவின் ஓனிக்ஸ் பூக்ஸ் இதில் தெரிந்த பெயர். கிண்டில் செயலி, பிளே புக்ஸ், உங்கள் சொந்தக் கோப்புகள் எல்லாம் ஒரே திரையில் படிக்கலாம். தமிழ் வாசகருக்குக் காகிதத்தில் இதுதான் சிறந்த விடை. விலை அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும், சில வருடத்தில் ஆண்ட்ராய்டு பழசாகிச் செயலிகள் அடம்பிடிக்கும் என்பவை குறைகள். பட்ஜெட் இடம் கொடுத்தால் பாருங்கள்.

போனிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். ஐபோனில் கிண்டில் செயலிக்குள் பல வருடமாகப் புத்தகம் வாங்கவே முடியாது. விற்பனையில் ஆப்பிளுக்கு 30 சதவீதம் கொடுக்க அமேசான் தயாரில்லை. 2022இலிருந்து ஆண்ட்ராய்டு செயலியிலும் கூகுளின் விதி காரணமாக அதே நிலை. அமெரிக்காவில் மட்டும் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மேல் போட்ட வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு 2025 மேயில் ஐபோன் செயலியில் வாங்கும் பொத்தான் வந்தது. இரண்டு மூடிய அமைப்புகள் மோதிக்கொள்ளும்போது அலைச்சல் வாசகருக்குத்தான்: உலாவியைத் திறந்து, அங்கே வாங்கி, மீண்டும் செயலிக்கு வர வேண்டும்.

எதைப் படிக்கிறீர்கள்?

தமிழில் சட்டப்படி இலவசமாக, பூட்டில்லாமல் கிடைப்பவை ஏராளம். 1998இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்கள் வரை இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஈபப்பாகவே தருகிறது, ஆறு அங்குலத் திரைக்கென்று தனி பிடிஎஃப்பும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், இலங்கைத் தமிழ் எழுத்துகளையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனமும் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் மறுபிரதி இல்லாத நூல்களும் சுவடிகளும் போயின. யாரும் இறக்கிக்கொள்ளும்படி நூலகம் நிறுவனம் கோப்புகளைத் திறந்து வைத்திருப்பதன் அருமை அதை நினைத்தால் விளங்கும்.

நீங்கள் அதிகம் படிப்பது இந்த ஸ்கேன் பிடிஎஃப்கள் என்றால் கிண்டிலும் வேண்டாம், சிறிய கோபோவும் வேண்டாம். ஆறேழு அங்குலத் திரையில் பக்கம் பொடியாகிவிடும், பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படிப்பது எரிச்சல். பத்து அங்குல டேப்லெட் ஒன்றே போதும், கண் சோர்ந்தால் பெரிய இ-இங்க் பூக்ஸைப் பார்க்கலாம்.

செவ்வியல் நூல்கள், நாட்டுடைமை நாவல்கள் என்று பெரும்பாலும் யூனிகோடு எழுத்தில் படிக்கிறவருக்கு எந்தக் கருவியும் சரிவரும். இங்கே மலிவாகக் கிடைப்பது கிண்டில் என்றால் அதையே வாங்கி, செண்ட் டு கிண்டில் மூலம் அனுப்பிப் படியுங்கள். மூல ஈபப் உங்கள் கணினியில் இருக்கும்வரை நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. காலிபர் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொள்ளலாம், வடிவம் மாற்றவும் செய்யலாம்.

சமகாலச் சுயபதிப்பு நாவல்களும் தொடர்களும்தான் உங்கள் வாசிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். கிண்டில், கூடவே அன்லிமிடெட் சந்தா. சந்தா நின்றால் எல்லாம் போகும் என்பது முதலிலேயே தெரிந்த ஒப்பந்தம், அதில் ஏமாற்றம் இல்லை. உண்மையில் மூடிய அமைப்பில் எனக்கு மிக நேர்மையாகத் தோன்றுவது இந்தச் சந்தாதான். வாடகை என்று சொல்லி வாடகை வாங்குகிறது. 300, 400 ரூபாய் கொடுத்துத் தனிப் புத்தகமாக வாங்கும்போதுதான் வாடகைக்குச் சொந்த வீட்டு விலை கொடுக்கிறோம்.

தீவிர இலக்கியம், ஆய்வு நூல், மொழிபெயர்ப்பு, திரும்பத் திரும்ப எடுக்கும் கவிதைத் தொகுப்பு ஆகியவற்றை அச்சில் வாங்குங்கள். புலம்பெயர்ந்து இருப்பதால் அச்சு கிடைப்பது கஷ்டம் என்றால், பதிப்பகத்திடம் நேராக எழுதிப் பூட்டில்லாத ஈபப் விற்பீர்களா என்று கேளுங்கள். பல சிறு பதிப்பகங்களை இரண்டு மூன்று பேர்தான் நடத்துகிறார்கள். வாசகர் கேட்டால்தான் அப்படி ஒரு தேவை இருப்பதே அவர்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே கிண்டில் வைத்திருந்தால்

விற்றுவிட வேண்டியதில்லை. நீங்கள் கோடிட்ட வரிகளும் குறிப்புகளும் கருவிக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். கேபிள் போட்டு அதை அவ்வப்போது நகலெடுத்து வையுங்கள். புத்தகம் போனாலும் உங்கள் உழைப்பு தங்கும். நீங்களே அனுப்பிய ஈபப்களின் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், அனுப்பியதை அமேசான் அதே வடிவத்தில் திருப்பித் தரும் என்று எண்ணி இருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நல்ல மாற்றம். கேடிபியில் நூல் ஏற்றும்போது டிஆர்எம் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தாளரிடமே கேட்கிறார்கள். பலர் யோசிக்காமல் வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள், திருட்டுக்குப் பயந்து. பூட்டுப் போட்ட தமிழ் நூல்களும் டெலிகிராம் குழுக்களில் சுற்றத்தான் செய்கின்றன, ஆக அந்தப் பூட்டால் கட்டுப்படுவது காசு கொடுத்தவர் மட்டுமே. 2025 இறுதியில் அமேசான் ஓர் அறிவிப்பு செய்தது: 2026 ஜனவரி முதல், பூட்டு வேண்டாம் என்று எழுத்தாளர் தேர்ந்தெடுத்த கேடிபி நூல்களை, வாங்கியவர்கள் ஈபப்பாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். செலக்ட்டில் இருந்தபடியே, 70 சதவீத ராயல்டியை விடாமலே, தன் வாசகருக்கு ஒரு நிலையான பிரதியைக் கொடுக்க எழுத்தாளருக்கு இது வழி. நீங்கள் விரும்பிப் படிக்கும் கிண்டில் எழுத்தாளர் முகநூலில் உங்களுக்குப் பழக்கமானவராக இருந்தால், அடுத்த நூலை ஏற்றும்போது அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று போடச் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள்.